வாஸ்ப்ஸ் கொவன்ட்ரிக்குப் போகிறது: சொந்த மைதானமா, சொந்த ஊரா?

எட்டாம்_நம்பர் | 9 அக்டோபர் 2014

வதந்தி என்று தள்ளிவைத்ததெல்லாம் நிஜமாகிவிட்டது. கொவன்ட்ரியில் ரிக்கோ அரீனாவை நடத்தும் கம்பெனியில் நகரசபை வைத்திருந்த பாதிப் பங்கை நம் வாஸ்ப்ஸ் ரக்பி கிளப் வாங்குகிறது. டிசம்பர் முதல் நம் ஹோம் ஆட்டங்கள் அங்கேதான். ஹை விகோம்பில் நாம் இப்போது ஆடும் ஆடம்ஸ் பார்க்கிலிருந்து சுமார் 80 மைல். அடுத்த சீசன்கூட இல்லை, இந்த சீசனின் நடுவிலேயே.

நான் ஈலிங்கில் இருக்கிறேன், லோஃப்டஸ் ரோடு காலத்திலிருந்து இந்த அணியைப் பார்க்கிறேன். 1867-ல் லண்டனில் தொடங்கிய கிளப் இது. 1923 முதல் சட்பரியில் திடல் இருந்தது. 1996-ல் தொழில்முறை ரக்பி வந்ததும் க்யூபிஆர் கால்பந்து கிளப்போடு ஒரே கம்பெனிக்குக் கீழே சேர்ந்து லோஃப்டஸ் ரோட்டுக்குப் போனோம். 2002-ல் ஃபுல்ஹாம் கால்பந்து கிளப் அங்கே வந்ததும் ஹை விகோம்புக்கு நகர்ந்தோம். விகோம்ப் லண்டன் இல்லைதான். ஆனாலும் மேற்கு லண்டனிலிருந்து கிளம்பினால் ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். கொவன்ட்ரி அப்படி இல்லை.

எல்லோரும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | 9 அக்டோபர் 2014

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பண விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேச முடியாது.

ஆடம்ஸ் பார்க்கில் நாம் வாடகைக்கு இருக்கிறோம். அது விகோம்ப் வாண்டரர்ஸ் கால்பந்து கிளப்பின் இடம், சுமார் பத்தாயிரம் பேர்தான் உட்காரலாம். நாம் ஆடும் மேல்மட்ட லீக்கான பிரீமியர்ஷிப்பில் 12 அணிகள், ஆக லீக்கில் சொந்த மைதானத்தில் 11 ஆட்டங்கள். கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தாலும் வருடத்தில் மீதி முந்நூற்றுச் சொச்சம் நாள் கிளப்புக்கு மைதானத்திலிருந்து ஒரு காசு வராது. ஆட்டம் நடக்கிற நாளிலும் பீர், சாப்பாடு, கார் நிறுத்தம் என்று வரும் வருமானம் முழுசாக வாடகைக்காரனுக்கு நிற்காது. செலவோ லெஸ்டர், நார்தாம்ப்டன் மாதிரி சொந்தத் திடல் உள்ள கிளப்களோடு போட்டி போடும் செலவு.

2012 ஞாபகம் இருக்கிறதா? கடைசி வாரம் நியூகாசிலிடம் தோற்றும் நூலிழையில் லீக்கில் தங்கினோம். அப்போது கிளப்பை வாங்க ஆளில்லை. இழுத்து மூடும் நிலை. அதற்கு முன்னால் புக்கர் விமானத்திடல் பக்கம் புது ஸ்டேடியம் கட்டும் திட்டம் இருந்தது, 2011-ல் அதுவும் கைவிடப்பட்டது. 2013-ல் டெரெக் ரிச்சர்ட்சன் உரிமையாளராக வந்துதான் மூச்சு வந்தது.

ரிக்கோவில் 32,000 இருக்கைக்கு மேல். கூடவே கண்காட்சி அரங்கம், ஹோட்டல், கேசினோ. கச்சேரி நடந்தாலும் வருமானம், கல்யாண ரிசப்ஷன் நடந்தாலும் வருமானம். லண்டனுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு இடம் இந்த விலைக்கு எங்கே கிடைக்கும்? கிளப் உயிரோடு இருந்தால்தானே அது எந்த ஊர் என்று சண்டை போட முடியும்.

ஹைவிகோம்ப்_வாசி | 9 அக்டோபர் 2014

2003, 2004, 2005, 2008 லீக் பட்டங்கள். 2004-லும் 2007-லும் ஐரோப்பியக் கோப்பையான ஹைனகென் கப். எல்லாம் இந்தப் பத்தாயிரம் இருக்கைத் திடலில் விளையாடிய அணி ஜெயித்தவை. 2004-ல் டூலூஸுக்கு எதிரான பைனலில் கடைசி நிமிடங்களில் ராப் ஹௌலி பந்தைத் துரத்திப் போய், எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுத்த டிரை யாருக்கு மறக்கும்?

ஆடம்ஸ் பார்க்குக்கு ஒரே வழி ஹில்பாட்டம் ரோடு. தொழிற்பேட்டை வழியாக ஒடுங்கிப் போகிற பாதை. ஆட்டம் முடிந்தால் கார் நகர ஒரு மணி நேரம் ஆகும், எல்லோரும் திட்டுவோம். ஆனால் அந்த நெரிசலில்தான் பக்கத்துக் காரில் இருப்பவரோடு கண்ணாடியை இறக்கி ரெஃப்ரியின் முடிவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். என் பிள்ளைகள் ரக்பி கற்றதே அந்த மேட்டுக்காடு தெரியும் ஸ்டாண்டில் உட்கார்ந்து. சின்னவன் நேற்று செய்தியைக் கேட்டுவிட்டு ஜெர்சியைக் கழற்றாமலே தூங்கிவிட்டான்.

கணக்குப்பிள்ளை தம்பி, உங்கள் கூட்டல் கழித்தலில் நாங்கள் எந்த வரியில் வருகிறோம்?

மஞ்சள்_ஸ்கார்ஃப் | 9 அக்டோபர் 2014

விம்பிள்டன் கால்பந்து கிளப்பை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோனபோது ரசிகர்கள் என்ன செய்தார்கள்? 2002-லேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுசாக ஒன்றைத் தொடங்கி, அடித்தட்டு லீக்கிலிருந்து ஏறி வந்தார்கள். கால்பந்து உலகம் இன்றும் அந்த இடமாற்றத்தை மன்னிக்கவில்லை. ரக்பி என்றால் மட்டும் நாம் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்?

சரசென்ஸ் வட லண்டனிலிருந்து வாட்ஃபர்டுக்குப் போய் ஒரு காலத்தை ஓட்டினாலும், போன வருடம் ஹெண்டனில் காப்தால் திடலுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். லண்டன் ஐரிஷ் சன்பரியை விட்டு ரெடிங்குக்குப் போனது 2000-ல். ஆயினும் ரயிலேறினால் அரை மணி நேரத்தில் பேடிங்டன். 80 மைல் தள்ளிப் போனது யாரும் இல்லை. ஹார்லெக்வின்ஸைப் பாருங்கள், 1963-லிருந்து அதே ஸ்டூப் மைதானம்.

நித்தவெல | 10 அக்டோபர் 2014

கண்டியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. கண்டியிலிருந்து கொழும்புக்குக்கூட இவ்வளவு தூரம் இல்லை. நித்தவெல மைதானத்தில் ஆடுகிற கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப்பை யாராவது கொழும்புக்குக் கொண்டுபோகிறேன் என்று வந்தால் ஊரே தெருவுக்கு இறங்கும். கொழும்பில் பெரிய மைதானம் இருக்கிறது, காசு இருக்கிறது என்றெல்லாம் எவரும் கதைக்க முடியாது.

லண்டனுக்கு வந்த புதிதில் வெம்பிளியில் இருந்தோம். சட்பரியில் ரெப்டன் அவென்யூவில் வாஸ்ப்ஸ் திடல் இருந்தது என்று வேலையிடத்து நண்பர் ஒருவர் கூட்டிப்போய்க் காட்டினார். வீடுகள் கட்டிவிட்டார்கள். இன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு பெரிய ரக்பி கிளப் இருந்ததே தெரியாது. கிளப் போய்விட்டால் ஒரு தலைமுறையில் ஊர் மறந்துவிடும் என்பதற்கு அதுவே சாட்சி.

கொவன்ட்ரிவாசி | 10 அக்டோபர் 2014

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் வாஸ்ப்ஸ் ரசிகன் இல்லை, கொவன்ட்ரி சிட்டி ஆள். தேடிக்கொண்டு வந்ததில் உங்கள் இழை கிடைத்தது.

ரிக்கோ 2005-ல் எங்கள் கால்பந்து கிளப்புக்காக எழும்பிய இடம். பழைய ஃபோல்ஸ்ஹில் கேஸ் ஆலை இருந்த நிலம். வாடகைச் சண்டையால் போன சீசன் முழுக்க எங்கள் அணி நார்தாம்ப்டனில் போய் விளையாடியது. சொந்த ஊர் அணியைப் பார்க்க வேறு ஊருக்குப் போகச் சொன்னார்கள், நிறையப் பேர் போக மறுத்தோம். போன மாதம்தான் திரும்பி வந்தோம். வந்து ஒரு மாதத்தில் அந்த இடத்தை லண்டன் ரக்பி கிளப் வாங்குகிறது என்று செய்தி.

உங்களுக்கு ஊர் போகிறது, எங்களுக்கு மைதானம் போகிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். இங்கே ஏற்கனவே ஒரு ரக்பி கிளப் இருக்கிறது. கொவன்ட்ரி ஆர்எஃப்சி, 1874-ல் தொடங்கியது, இங்கிலாந்து வீரர் டேவிட் டக்கம் ஆடிய கிளப். 70-களில் இங்கிலாந்தின் பெரிய அணிகளில் ஒன்று. இப்போது பட்ஸ் பார்க்கில் கீழ் டிவிஷனில் மெல்ல மெல்லக் கட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் வரவேண்டிய பிள்ளைகளும் விளம்பரக் காசும் இனி எங்கே போகும்?

வார்விக்_மாணவன் | 10 அக்டோபர் 2014

வணக்கம் அண்ணா, அக்கா எல்லோருக்கும். சென்னையிலிருந்து வார்விக் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவன். பல்கலைக்கழகம் பேர்தான் வார்விக், இருப்பது கொவன்ட்ரி ஓரத்தில். ரக்பியை டிவியில் மட்டும் பார்த்திருக்கிறேன். இங்கே ஹாஸ்டலில் எல்லோரும் டிக்கெட் பற்றித்தான் பேசுகிறார்கள். உங்கள் கோபத்தைப் படித்தபோது சந்தோஷப்படவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் போய்ப் பார்க்க ஆசை.

எட்டாம்_நம்பர் | 10 அக்டோபர் 2014

போய்ப் பார் தம்பி, அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ரக்பி பார்க்க வருகிற எவரையும் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

கொவன்ட்ரிவாசி சொன்னதைப் படித்த பிறகு என் எதிர்ப்பு இன்னும் கெட்டியாகிவிட்டது. இரண்டு ஊர்களில் மனசு உடைகிறது. அப்படியும் இது எப்படி நல்ல திட்டம்?

நெறியாளர் | 11 அக்டோபர் 2014

கிளப் உரிமையாளரைத் தனிப்பட்ட முறையில் திட்டிய சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். முடிவைத் தாராளமாக விமர்சியுங்கள்.

ஹைவிகோம்ப்_வாசி | 14 டிசம்பர் 2014

ஆடம்ஸ் பார்க்கில் கடைசி ஆட்டம் இன்று. பிரான்ஸின் காஸ்ட்ர் அணியை ஜெயித்தோம். ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. வழக்கமாக நெரிசலுக்கு முன்னால் காரை எடுக்கப் பறக்கிறவர்கள்கூட நின்றார்கள். எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

வார்விக்_மாணவன் | 21 டிசம்பர் 2014

ரிக்கோவில் வாஸ்ப்ஸின் முதல் ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன்! 28,254 பேர். பிரீமியர்ஷிப் கிளப் ஒன்று தன் சொந்த மைதானத்தில் கண்ட பெரிய கூட்டம் இதுதான் என்று அறிவித்தார்கள். லண்டன் ஐரிஷை 48-16 என்று ஜெயித்தார்கள். ஆண்டி கூட் ஒருவரே 33 புள்ளி, அதுவும் லீக் சாதனை. அவர் உதைத்தால் பந்து கம்பங்களுக்கு நடுவே போகாது என்று நினைக்கவே தோன்றவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு தாத்தாவும் பேத்தியும். தாத்தா கொவன்ட்ரிக்காரர். முன்னால் பாஸ் செய்யக் கூடாது, பின்னால்தான் செய்ய வேண்டும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் பாதியில் ஒரு ஃபார்வர்ட் பாஸை ரெஃப்ரிக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துக் கத்தினாள். எங்கள் வரிசை முழுக்கக் கை தட்டியது.

கணக்குப்பிள்ளை | 22 டிசம்பர் 2014

ஆடம்ஸ் பார்க்கைக் கிட்டத்தட்ட மூன்று முறை நிரப்புகிற கூட்டம். இதற்காகத்தான் சொன்னேன்.

மஞ்சள்_ஸ்கார்ஃப் | 22 டிசம்பர் 2014

முதல் நாள் கூட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வேல்ஸின் கார்டிஃப் ப்ளூஸ் ரக்பி அணி 2009-ல் ஆர்ம்ஸ் பார்க்கை விட்டு கார்டிஃப் சிட்டி ஸ்டேடியத்துக்குப் போனது. அதே ஊருக்குள்தான், பெரிய திடல், பளபளவென்று இருந்தது. பாதி காலியான இருக்கைகளுக்கு நடுவே பாட்டுச் சத்தம் எடுபடவில்லை. 2012-ல் திரும்பி வந்துவிட்டார்கள். பிப்ரவரியில் மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்போம். ரிக்கோ இருப்பது எம்6 நெடுஞ்சாலை பக்கம், நகரின் வடக்கு ஓரம். ரயிலில் வந்தால் கொவன்ட்ரி நிலையத்திலிருந்து இன்னும் நாலு மைல் போக வேண்டும்.

கணக்குப்பிள்ளை | மே 2015

கடன் பத்திர அறிவிப்பை முழுசாகப் படித்தேன். ரசிகர்கள் பலரும் இதில் பணம் போட யோசிப்பதால் எழுதுகிறேன்.

கிளப் 35 மில்லியன் பவுண்ட் திரட்டுகிறது. வருடத்துக்கு 6.5% வட்டி, ஏழு வருடம், 2022 மே மாதம் அசலைத் திருப்பித் தர வேண்டும். குறைந்தது 2,000 பவுண்ட் போடலாம். அரீனா கம்பெனிக்கு நகரசபை கொடுத்திருந்த கடனும் அதோடு சேர்ந்து வந்தது, அதை இதிலிருந்து அடைப்பார்கள். நாம் 'சொந்த மைதானம்' என்கிறோமே, அது 250 வருடக் குத்தகை. நிலம் நகரசபையினுடையது. அந்தக் குத்தகைதான் இந்தக் கடனுக்கு ஈடு.

மைதானம் வாங்கியது சரி என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஆனால் வட்டி மட்டும் வருடத்துக்கு 22 லட்சத்து 75 ஆயிரம் பவுண்ட். அரீனா நன்றாகச் சம்பாதித்தால் சமாளிக்கலாம். ஏழு வருடம் கழித்து அசல் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரே வழி, மறுபடி கடன் வாங்குவது. கிளப் மேல் உள்ள பிரியத்துக்காக ஓய்வூதியக் காசைப் போடாதீர்கள். நட்டமானாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள்.

நித்தவெல | மே 2015

தெளிவாக எழுதினீர்கள், நன்றி. மனைவியிடம் இதைக் காட்டினேன். போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம்.

எட்டாம்_நம்பர் | 28 மே 2017

நேற்று ட்விக்கனமில் இருந்தேன். லீக் பைனலில் எக்ஸ்டரிடம் கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோற்றோம். ஸ்டீன்சன் அடித்த பெனால்டி. நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் லெஸ்டரை 21-20 என்று கடைசி நிமிடங்களில் ஜோஷ் பாசெட் டிரை வைத்து ஜெயித்த செமிபைனலுக்கு ரிக்கோவுக்கே போயிருந்தேன். அணி அருமையான அணி. சிப்ரியானி, பீல், வேட், லான்ச்பரி என்று கண் எடுக்க முடியாத ஆட்டம். கொவன்ட்ரிப் பிள்ளைகள் கறுப்பும் பொன்னும் போட்டுக்கொண்டு கத்துவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் சுற்றிப் பார்த்தால் விகோம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

கொவன்ட்ரிவாசி | ஆகஸ்ட் 2019

எங்கள் அணி மறுபடி ஊரை விட்டுப் போகிறது. இந்தத் தடவை பர்மிங்காம், செயின்ட் ஆண்ட்ரூஸ். எங்கள் முதலாளிகளுக்கும் மைதானத்துக்காரர்களுக்கும் உடன்பாடு வரவில்லை. வழக்கு, மேல்முறையீடு என்று ஐந்து வருடம் போய்விட்டது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே வாதிட விரும்பவில்லை. 32,000 இருக்கை உள்ள ஒரு திடல், அதற்காகவே பிறந்த கால்பந்து கிளப் இல்லாமல் நிற்கிறது. வாடகை கொடுக்க வேண்டியவன் போய்விட்டால் உங்கள் கிளப்புக்கும் அது நட்டம்தானே?

கணக்குப்பிள்ளை | 17 அக்டோபர் 2022

இன்று வாஸ்ப்ஸ் அட்மினிஸ்ட்ரேஷனுக்குள், அதாவது திவால் நிர்வாகிகள் கைக்குள் போனது. ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் என்று 167 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. கொரோனா காலத்தில் அரீனா பூட்டிக்கிடந்தது, கண்காட்சி இல்லை, கச்சேரி இல்லை. மே மாதம் அடைக்க வேண்டிய 35 மில்லியனுக்கு மறுகடன் கிடைக்கவில்லை. வரித்துறைக்கும் பாக்கி. வூஸ்டர் ரக்பி கிளப் போன மாதம் இதேபோல் போனது, இப்போது நாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். விகோம்பிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்போம் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். சம்பளம் வருமானத்தைத் தாண்டி ஓடுகிற லீக் இது. 2012-லேயே நாம் விளிம்பில்தான் நின்றோம்.

மஞ்சள்_ஸ்கார்ஃப் | 17 அக்டோபர் 2022

விகோம்பில் பிழைத்திருப்போமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கிளப் விழும்போது அதைத் தாங்கிப் பிடிக்க ஆட்கள் வேண்டும். ஊர்க்காரர்கள் உண்டியல் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். லண்டனில் அதைச் செய்யக்கூடியவர்களை எட்டு வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போனார்கள். கொவன்ட்ரியில் அந்த மாதிரி வேர் பிடிக்க எட்டு வருடம் போதாது. அங்கே வந்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தலைமுறைக்கணக்கில் வரவேண்டியதை யாராலும் எட்டு வருடத்தில் கொண்டுவர முடியாது.

வார்விக்_மாணவன் | 18 அக்டோபர் 2022

அக்கா, வேர் பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். நான் படிப்பு முடித்து லெமிங்டனில் வேலை பார்க்கிறேன். என் பெண்ணுக்கு இரண்டு வயது, அவளுக்கு வாங்கிய முதல் தொப்பி வாஸ்ப்ஸ் தொப்பி. 2020-ல் பிரிஸ்டலை 47-24 என்று செமிபைனலில் அடித்தபோது மைதானத்துக்குள் விடவில்லை, வீட்டில் டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன். இந்த அணி எனக்கு லண்டன் அணி இல்லை, எங்கள் ஊர் அணி. உங்களுக்கு 2014-ல் நடந்தது எங்களுக்கு இப்போது நடக்கிறது.

ஹைவிகோம்ப்_வாசி | 18 அக்டோபர் 2022

தம்பி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். நீ சொல்வதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ள இங்கே ஆளில்லை. இடம் மாறியதை நான் கடைசிவரை ஏற்கவில்லை, கொவன்ட்ரிக்கு ஒரு நாளும் வரவுமில்லை. அந்தக் கோபம் முடிவெடுத்தவர்கள் மேல். உன்னைப் போல் அதை நேசித்தவர்கள் மேல் இல்லை.

கொவன்ட்ரிவாசி | நவம்பர் 2022

அரீனாவைத் தொழிலதிபர் மைக் ஆஷ்லியின் குழுமம் 17 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியிருக்கிறது. கோடையில் காமன்வெல்த் போட்டிகளின் ரக்பி செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) நடந்து புல்தரை கிழிந்ததில் எங்கள் ஆரம்ப ஹோம் ஆட்டங்களையே ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. இப்போது மறுபடி வேறு முதலாளி. பட்ஸ் பார்க்கில் கொவன்ட்ரி ஆர்எஃப்சி இன்னும் ஆடுகிறது, இரண்டாம் டிவிஷன். லெமிங்டன் தம்பி, சனிக்கிழமை வேண்டுமானால் சொல்லு, சேர்ந்து போகலாம்.

வார்விக்_மாணவன் | நவம்பர் 2022

வருகிறேன் அண்ணா. தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன்.

நித்தவெல | நவம்பர் 2022

கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு எவ்வளவு திரும்பும், கணக்குப்பிள்ளை?

கணக்குப்பிள்ளை | நவம்பர் 2022

நீங்களே பாருங்கள். கொடுக்க வேண்டிய அசல் 35 மில்லியன். ஈடாக இருந்த அரீனா போனது 17 மில்லியனுக்கு. செலவெல்லாம் கழித்துப் பார்த்தால் பாதிகூட வராது. அதில் போட்டவர்களில் பெரும்பாலோர் சாதாரண ரசிகர்கள். இதில் எனக்கு மிகவும் வலிப்பது அதுதான்.

எட்டாம்_நம்பர் | நவம்பர் 2022

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆக்டனில் ட்வைஃபர்ட் அவென்யூ திடலில் வாஸ்ப்ஸ் எஃப்சி, அதாவது 1999-ல் தொழில்முறை அணியிலிருந்து பிரிந்த அமெச்சூர் கிளப், இன்னும் அதே கறுப்பும் பொன்னும் போட்டு ஆடுகிறது. அது வேறு கணக்கு, வேறு நிர்வாகம் என்பதால் இந்தத் திவால் அதைத் தொடவில்லை. ஜூனியர் பிரிவும் உண்டு. ஹைவிகோம்ப் அண்ணா, உங்கள் சின்னவன் இப்போது பெரியவனாகியிருப்பான். அவனுக்கு ஆட ஆசை இருந்தால் பூட்ஸும் மவுத்கார்டும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். சென்ட்ரல் லைனில் வெஸ்ட் ஆக்டனில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம்.